மூதாதையரும் மண்ணும்: ஷ்லோமோ சாண்டின் யூதத் தோற்ற வாதமும் விவிலியத் தாயகமும்

ஆய்வுச்சுருக்கம்

யூதர்களின் மூதாதையர் யாவர், அவர்களுக்கும் விவிலியம் கூறும் நிலத்துக்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் வினாக்களை ஷ்லோமோ சாண்டின் இரு நூல்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சாண்டின் வரலாற்றுத் தரவுகளிற் பெரும்பகுதி ஏற்கத்தக்கதே எனினும், அவற்றிலிருந்து அவர் பெறும் முடிபு பொருந்தாது என்பதும், அவரை மறுக்கும் மரபணு ஆய்வாளர் சிலரும் அவரது அடிப்படைப் பிழையையே பகிர்ந்துகொள்கின்றனர் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. விவிலியப் பகுதிகளும் மிஷ்னா, தல்மூத் விவாதங்களும் தமிழ் விவிலியச் சொல்லாட்சியும் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: யூதர் தோற்றம், ஷ்லோமோ சாண்ட், கஸார், மதமாற்றம், கானான், பரதேசி, புறக்குடி

நூலும் அதன் வாதமும்

டெல் அவிவ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஷ்லோமோ சாண்ட் 2008இல் எபிரேய மொழியில் வெளியிட்ட நூல், 2009இல் 'யூத மக்களின் கண்டுபிடிப்பு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்தது. 2012இல் அதன் தொடர்ச்சியாக 'இஸ்ரேல் நிலத்தின் கண்டுபிடிப்பு' வெளியாயிற்று. முதல் நூல் மக்களைப் பற்றியது. இரண்டாவது மண்ணைப் பற்றியது. இவ்விரண்டையும் தனித்தனியே மதிப்பிடுவோரே மிகுதி. எனினும் சாண்டின் பிழை இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் புலனாகிறது.

முதல் நூலின் வாதத்தைச் சுருங்கக் கூறலாம். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டபின் ரோமர்கள் யூத மக்களை நாடு கடத்தினர் என்பது வரலாறு அன்று. புறநாடுகளில் யூதர் பெருகியமைக்கு மதமாற்றமே முதன்மைக் காரணம். நாட்டிலேயே தங்கிய யூதேய உழவர்கள் காலப்போக்கிற் கிறித்தவராகவும் பின்னர் இஸ்லாமியராகவும் மாறினர். எனவே அவர்களின் வழித்தோன்றல்களை இன்றைய பாலஸ்தீனரிடையே தேடுவதே பொருத்தம். ஒரே குருதிவழியில் வந்து, ஒரே மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, ஒரே மண்ணுக்குத் திரும்பும் 'யூத மக்கள்' என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக ஹைன்ரிக் கிரெட்ஸ் 1853 முதல் வெளியிட்ட யூத வரலாற்றுத் தொகுதிகளின் வழியாக உருவாக்கப்பட்டது.

இவ்வாதத்தின் பகுதிகள் பலவும் புதியன அல்ல. பாலஸ்தீன உழவர்கள் பண்டை யூதேயரின் வழிவந்தோர் என்னும் கருத்தை, பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியனும் இரண்டாம் குடியரசுத் தலைவரான பென் ட்சுவியும் 1918இல் நியூயார்க்கில் இத்திஷ் மொழியில் வெளியிட்ட நூலிலேயே முன்வைத்தனர். இதைச் சாண்டே எடுத்துக்காட்டுகிறார். மதமாற்றத்தை எந்தத் தகுதிவாய்ந்த யூத வரலாற்றாசிரியரும் மறைத்ததில்லை என்று இஸ்ரேல் பார்தல் தம் மதிப்புரையிற் கடிந்துரைத்தது இதனாலேயே. இக்கண்டனம் பாதி சரியானது. ஆய்வேடுகளில் இருந்த செய்தி பள்ளிப் பாடநூலுக்கும் அரசியல் மேடைக்கும் வந்துசேரவில்லை என்பதே சாண்டின் முறையீடு. அதற்குப் பார்தலின் கூற்று விடையாகாது.

ஏற்கத்தக்கனவும் ஐயத்துக்குரியனவும்

நாடுகடத்தல் பற்றிச் சாண்ட் கூறுவது பெரிதும் சரியே. எருசலேம் வீழ்ந்தபோது 97,000 பேர் சிறைப்பட்டனர் என்று யோசேப்பஸ் எழுதினார். பண்டை ஆசிரியர்களின் எண்ணிக்கைகளை அப்படியே கொள்வதற்கில்லை. கொண்டாலும் அது ஒரு மக்களினம் முழுவதன் வெளியேற்றம் ஆகாது. பார் கோக்பா கிளர்ச்சி கி.பி. 135இல் ஒடுக்கப்பட்டபின் எருசலேமுக்குள் யூதர் நுழைவது தடை செய்யப்பட்டது. மாகாணத்தின் பெயரும் சிரியா பாலஸ்தீனா என மாற்றப்பட்டது. ஆயினும் கலிலேயாவில் யூத வாழ்வு தொடர்ந்தது. மிஷ்னா கி.பி. 200ஐ ஒட்டி அங்கேயே தொகுக்கப்பட்டது. மறுபுறம், ஆலயம் அழிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே புறநாட்டு யூதச் சமூகங்கள் வேரூன்றியிருந்தன. எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு யூதப் படைக்குடியிருப்பினர் தமக்கெனத் தனி ஆலயமே வைத்திருந்தனர். பாபிலோனியாவில் 'யூதாவின் ஊர்' என்றே பெயர்பெற்ற குடியிருப்பில் நிலம் உழுது வரி செலுத்திய யூதேயரை 2014இல் பதிப்பிக்கப்பட்ட களிமண் ஆவணங்கள் காட்டுகின்றன.

மதமாற்றத்துக்கும் சான்றுகள் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோவான் ஹிர்கானஸ் இதுமேயரை யூத நெறிக்குள் கொணர்ந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் அதியபேன் அரசி ஹெலெனாவும் அவர் மைந்தரும் மதம் மாறினர். தென் அரேபியாவில் ஹிம்யர் அரசர்கள் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத நெறியைத் தழுவினர்.

இங்குவரை சாண்டின் காலடி உறுதியாக உள்ளது. கஸார் நாட்டுக்குள் நுழைந்ததும் அது தடுமாறுகிறது. காஸ்பியன் கடலை ஒட்டி ஆண்ட துருக்கிய இனத்தவரான கஸாரின் அரச குடும்பம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டில் யூத நெறியை ஏற்றது என்பதற்கு இலக்கியச் சான்றுகள் உள்ளன. மோசேயை இறைத்தூதராகக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுக் கஸார் நாணயமும் கிடைத்துள்ளது. ஆயினும் அம்மதமாற்றமே நிகழவில்லை என 2013இல் ஷாவுல் ஸ்டாம்ப்ஃபர் வாதிட்டார். அவரை ஏற்காவிடினும், ஓர் அரசவையின் மாற்றத்திலிருந்து கிழக்கு ஐரோப்பிய யூதர் அனைவரின் தோற்றத்துக்குத் தாவுவதற்குச் சான்று வேண்டும். அது கிடைக்கவில்லை. இத்திஷ் செருமானிய மொழி; அதனைப் பேசியோர் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தனர் என்பதற்கே அம்மொழியின் அமைப்பு சான்றாகிறது.

கஸார் கோட்பாட்டைப் பரவலாக்கிய ஆர்தர் கோஸ்லரின் 'பதின்மூன்றாம் கோத்திரம்' (1976) இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஐரோப்பிய யூதர் செமித்திய மரபினர் அல்லர் எனக் காட்டிவிட்டால் யூத வெறுப்பின் வேர் அறுந்துவிடும் என்று கோஸ்லர் கருதினார். நிகழ்ந்ததோ நேர்மாறு. யூதர்களைப் 'போலி யூதர்' என்று இழித்துரைக்க அதே நூல் வெறுப்பாளர்களுக்குக் கைக்கருவியாயிற்று. வெறுப்பவன் வம்சாவளியைச் சரிபார்த்துவிட்டு வெறுப்பதில்லை. கோஸ்லர் இதை உணராமற் போனது வியப்பன்று. அவருடைய அனுபவத்தைக் கண்முன் கொண்டிருந்த சாண்ட் அதே துணையை நாடியதுதான் வியப்பு.

குருதியின் சாட்சியம்

சாண்டுக்கு மறுப்பாக மரபணு ஆய்வுகள் காட்டப்படுகின்றன. 2010இல் அட்ஸ்மோன் குழுவினரும் பெஹார் குழுவினரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள், பல்வேறு நாட்டு யூதர்களிடையே பகிரப்பட்ட மரபுக்கூறுகளையும் அவற்றின் மத்திய கிழக்குத் தொடர்பையும் எடுத்துக்காட்டின. ஏரான் எல்ஹாயிக் கஸார் கோட்பாட்டை மரபணு வழியில் மீட்க முயன்றார். ஆனால் கஸாருக்கு ஈடாக இன்றைய ஆர்மீனியரையும் ஜார்ஜியரையும் அவர் எடுத்துக்கொண்டதே அம்முயற்சியின் பலவீனம் ஆயிற்று. 2013இல் பெஹார் குழு அதனை மறுத்தது. அதே ஆண்டில் கோஸ்தா குழுவினர், அஷ்கெனாசி யூதரின் தாய்வழி மரபுகளிற் பெரும்பான்மை ஐரோப்பியத் தோற்றம் கொண்டவை என்றனர். செருமனியின் எர்ஃபுர்ட் நகர இடைக்காலக் கல்லறைத் தோட்டத்து யூதர் 33 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, அக்காலத்திலேயே அஷ்கெனாசியர் வேறுபட்ட கலப்புடைய இரு பிரிவினராய் இருந்ததைக் காட்டியது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் கஸார் கோட்பாடு நிற்கவில்லை. தூய குருதிக் கோட்பாடும் நிற்கவில்லை. மத்திய தரைக்கடற் கீழ்க்கரையும் ஐரோப்பாவும் கலந்த மரபே தென்படுகிறது. மேலும், வெண்கலக் காலக் கானானியரின் எச்சங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, அவர்களுடன் தொடர்புடைய மரபு இன்றைய யூதக் குழுக்கள் பலவற்றிலும் அப்பகுதியின் அரபு மொழி பேசுவோரிடத்தும் கணிசமாக இருப்பதாகக் கூறியது. மரபணுவை நிலப்பட்டாவாகக் காட்ட விரும்புவோர், அப்பட்டாவில் இருவர் பெயரும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு என்ன செய்வர்?

சாண்டின் மீதான என் முதன்மைக் கண்டனம் இங்கேதான் எழுகிறது. மூதாதையர் வழி நிலவுரிமையைத் தாம் ஏற்பதில்லை என்றும், இஸ்ரேல் தன் குடிமக்கள் அனைவருக்குமான அரசாதல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்துகிறார். அந்நிலைப்பாடு வம்சாவளியைச் சாராதது. அதுவே அதன் வலிமை. அங்ஙனமாயின், பாலஸ்தீனர் பண்டை யூதேயரின் வழிவந்தோர் என்று நிறுவுவதற்கு ஏன் அத்துணை முயற்சி? அவர்கள் 7ஆம் நூற்றாண்டில் அரேபியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம். 1948இல் வீடிழந்து வெளியேறிய ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் இழப்பு அதனாற் குறைந்துவிடுமா? குறையாது எனில் வம்சாவளி வாதம் தேவையற்றது. குறையும் எனில் அது ஆபத்தானது. எதிரியின் அளவுகோலைக் கையிலெடுத்து அதனாலேயே அவனை அளக்க முற்பட்ட சாண்ட், அவ்வளவுகோலுக்கு மேலும் மதிப்புக் கூட்டிவிட்டார்.

மதம் மாறியவரின் தந்தை யார்?

சாண்டின் வாதத்தின் நடுத்தூண், 'மதமாற்றத்தால் வந்தோர் ஒரு மக்களினம் ஆகார். அவர்கள் சமயச் சமூகமே' என்பதாகும். இப்பாகுபாடு ஐரோப்பிய நவீன காலத்துக்கு உரியது. யூத மரபு இதே வினாவைத் தன்னுள் எழுப்பி விவாதித்திருக்கிறது.

உபாகமம் 26ஆம் அதிகாரம், முதற்கனிகளைக் கூடையில் வைத்து ஆலயத்துக்குக் கொணரும் உழவன் சொல்லவேண்டிய அறிக்கையைத் தருகிறது. நம் பிதாக்களுக்குக் கொடுப்பதாகக் கர்த்தர் ஆணையிட்ட நாட்டுக்கு வந்துசேர்ந்தேன் என்று அவன் தொடங்குதல் வேண்டும். யூத நெறிக்கு மாறியவன் இதனைச் சொல்லலாமா? அவனுடைய பிதாக்களுக்கு அந்த ஆணை இடப்படவில்லையே! மிஷ்னாவின் விடை கறாரானது: அவன் கனிகளைக் கொணரலாம், அறிக்கையை ஓதலாகாது (பிக்கூரிம் 1:4). பதின்மப்பங்கு பற்றிய அறிக்கையிலும், நிலத்தில் பங்கில்லாமையைக் காரணங்காட்டி மதம் மாறியோரை மிஷ்னா விலக்குகிறது. ஆனால் எருசலேம் தல்மூதில் ரபி யூதாவின் மாற்றுக்கருத்து பதிவாகிறது. ஆபிரகாம் திரளான சாதிகளுக்குத் தந்தை எனப் பெயர்பெற்றமையால், மதம் மாறியவனும் கனிகளைக் கொணர்ந்து ஓதலாம். 12ஆம் நூற்றாண்டில், மதம் மாறிய ஒபதியா என்பவர் இதே ஐயத்தை எழுப்பியபோது மைமோனிடஸ் இவ்விரண்டாம் கருத்தையே பின்பற்றி விடை எழுதினார்.

இவ்விவாதத்தின் பொருள் தெளிவானது. 'நம் பிதாக்கள்' என்னும் சொல் உடல்வழி உறவைக் குறிக்கிறதா, ஏற்புவழி உறவைக் குறிக்கிறதா என்பது யூதரிடையே ஓயாத வழக்காக இருந்துள்ளது. பின்னதே மேலோங்கியபோது, மதம் மாறியவனும் ஆபிரகாமின் மகனே. ஆகவே, ஒரு யூதக் குழுவின் முன்னோர் மதம் மாறியவர்கள் என்று நிறுவுவதால் அக்குழு யூத மக்களினத்தைச் சாராதது என்று ஆகிவிடாது. கிரெட்ஸ் காலத்து இனவாதத்தை அது தகர்க்கும், மைமோனிடஸைத் தொடாது. தல்மூத் மரபைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்களோடு மட்டும் வழக்காடியதாற் சாண்டுக்கு இது புலப்படவில்லை.

இதனால் யூத மரபு முழுவதும் பரந்த மனமுடையது என்று கூறவில்லை. எஸ்றா 9, 10ஆம் அதிகாரங்களில் 'பரிசுத்த வித்து' கலந்துவிட்டதெனப் புலம்பி, அந்நிய மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விலக்கிவிட முடிவு செய்கிறார்கள். மோவாபியப் பெண்ணான ரூத்தைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாக்கும் நூலும் அதே தொகுதியில்தான் உள்ளது. இரண்டும் விவிலியமே. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி 'இதுவே விவிலியக் கொள்கை' என்போர் எப்பக்கத்தினராயினும் பாதிச் சான்றையே தருகின்றனர்.

தாயகம் என்னும் சிக்கல்

இரண்டாம் நூலில் சாண்ட் கூறும் செய்தி ஒன்று மிகவும் பயனுடையது. 'இஸ்ரேல் நிலம்' என்னும் தொடர் எபிரேய விவிலியத்தில் அரிதாகவே வருகிறது. நாட்டின் பெயர் பெரும்பாலும் கானான். அத்தொடர், நிலத்தோடு இணைந்த கட்டளைகளின் எல்லையைக் குறிக்கும் தல்மூதியக் கலைச்சொல்லாகவே வலுப்பெற்றது. நாட்டின் எல்லைகளும் விவிலியத்தில் ஒரே சீராக இல்லை. ஆதியாகமம் 15இல் எகிப்தின் ஆறு முதல் ஐபிராத்து வரை. எண்ணாகமம் 34இல் யோர்தானோடு கிழக்கெல்லை முடிகிறது.

எனினும் இதனினும் ஆழமான முரண் ஒன்று இருக்கிறது. விவிலியம் தன் மக்களின் தோற்றத்தை அந்நிலத்துக்கு வெளியே வைக்கிறது. ஆபிரகாம் ஊர் என்னும் கல்தேயரின் நகரிலிருந்து புறப்பட்டு ஆரான் வழியாக வந்தவர். மக்கள் உருவானது எகிப்தில். சட்டம் பெற்றது சீனாய்ப் பாலையில். முற்கூறிய முதற்கனி அறிக்கையிலேயே, நிலத்தின் விளைவைக் கையில் ஏந்திய உழவன், தன் தந்தை அலைந்து திரிந்த அராமியன் என்று சொல்லவேண்டும். எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் எருசலேமுக்கு எமோரியத் தந்தையையும் ஏத்தியத் தாயையும் கற்பிக்கிறது. அது வசைதான், ஆயினும் பொருளற்ற வசையன்று. 1948இன் இஸ்ரேல் விடுதலைப் பிரகடனம் அந்நிலத்தை யூத மக்கள் பிறந்த இடம் என்று தொடங்குகிறது. விவிலியம் அவ்வாறு கூறவில்லை.

தொல்லியல் கூறுவதோ வேறு. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த மெர்னெப்தா கல்வெட்டு கானானில் 'இஸ்ரேல்' என்னும் மக்களைக் குறிக்கிறது. அதையடுத்து நடுமலைநாட்டில் சிற்றூர்கள் பல எழுந்தன. அங்கு வாழ்ந்தோர் பண்பாட்டளவில் கானானியரே என்பது இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் முதலியோர் முடிபு. ஆக, இஸ்ரவேலர் அம்மண்ணின் மைந்தர் என நிறுவ விரும்புவோர் விவிலியக் கதையை விட்டுவிட வேண்டும். விவிலியக் கதையைப் பற்றிக்கொள்வோர் தாம் வந்தேறியவர் என ஒப்ப வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வது அரசியலில் இயலலாம், ஆய்வில் இயலாது.

பழைய உரையாசிரியர்கள் இதனை மறைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, ஆதியாகமத்தின் முதல் வரிக்கு எழுதிய உரையிலேயே, ஏழு இனத்தாரின் நாட்டைக் கவர்ந்த கொள்ளையர் என்று பிறர் இஸ்ரவேலரைக் குற்றஞ்சாட்டக்கூடும் என்று கூறி விடையும் தருகிறார். உலகம் படைத்தவனுடையது, அவன் விரும்பியவர்க்கு ஈந்தான் என்பது அவர் விடை. இவ்விடை இறைநம்பிக்கையில்லாதவரை நிறைவு செய்யாது. யோசுவாவின் வாளுக்கு இரையானவர்களையும் நிறைவு செய்யாது. ஆனால் 'நாங்கள் முதலில் இருந்தோம்' என்று ராஷி சொல்லவில்லை. கொடை என்பது கொடுத்தவன் விதிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டது. லேவியராகமம் 18, நெறி தவறினால் நிலம் தன் குடிகளைக் கக்கிவிடும் என எச்சரிப்பதும் இந்நோக்கிலேயே.

தமிழ் விவிலியத்தில் மறைந்த ஓர் இணை

தமிழில் இச்சிக்கலைப் படிப்போர்க்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. சாராளை அடக்கம் செய்ய ஏத்தியரிடம் நிலம் கேட்கும் ஆபிரகாம் (ஆதியாகமம் 23:4), தம்மை 'கேர்', 'தோஷாவ்' என்னும் இரு எபிரேயச் சொற்களாற் குறிக்கிறார். முன்னது வந்து தங்கிய அயலானையும், பின்னது நிலவுரிமையின்றிக் குடியிருப்பவனையும் சுட்டும். லேவியராகமம் 25:23இல் நிலத்தை நிலையாக விற்கக்கூடாது எனும் கட்டளைக்குக் காரணம் கூறும்போது, கர்த்தர் இஸ்ரவேலர் அனைவரையும் அதே இணைச்சொற்களாற் பன்மையில் அழைக்கிறார். வாக்களிக்கப்பட்ட நாட்டில் வாழும்போதும் அவர்கள் நிலை ஏத்தியரிடம் இரந்து நின்ற ஆபிரகாமின் நிலையே என்பது இவ்விணையால் உணர்த்தப்படுகிறது.

தமிழில் வழங்கும் பழைய திருப்புதல் முதலிடத்தில் 'அந்நியன்', 'பரதேசி' என்றும், இரண்டாமிடத்தில் 'பரதேசிகள்', 'புறக்குடிகள்' என்றும் பெயர்க்கிறது. எபிரேயத்தில் ஒன்றேயான இணை தமிழில் இரண்டாகிவிட்டது. ஓரிடத்தைப் படிக்கும்போது மற்றொன்று நினைவில் எழுவதில்லை. 'பரதேசி' இன்று இரவலனைக் குறிக்கும் வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. 'புறக்குடி'யோ அழகிய பெயர்ப்பு: குடியாகவும் இருக்கிறான், புறத்தானாகவும் இருக்கிறான். லேவியராகமத்தின் அதே அதிகாரத்தில் 'காணியாட்சி' என்னும் சொல் பலமுறை ஆளப்படுவதும் நோக்கற்பாலது. காணியாட்சி என்றால் நம்மவர்க்கு வழிவழி உரிமை. யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் தன் காணியாட்சிக்குத் திரும்புவான். ஆனால் திரும்புகிறவன் புறக்குடியே. இம்முரணை மூலம் வேண்டுமென்றே வைத்திருக்கிறது.

'சாதி' என்னும் சொல்லிலும் இத்தகைய இடர் உள்ளது. எபிரேய 'கோய்' பழைய திருப்புதலில் 'ஜாதி' ஆகிறது. யாத்திராகமம் 19:6 இஸ்ரவேலரைப் 'பரிசுத்த ஜாதி' என்கிறது. பிறப்பால் வரும் பிரிவு என்னும் பொருளையே இன்றைய வாசகர் அச்சொல்லிற் காண்பர். அதே நூலின் 12:38, எகிப்திலிருந்து புறப்பட்டோருடன் பலவகைப்பட்ட கலப்புத் திரளும் சென்றது என்கிறது. அக்கலப்பும் சீனாய் அடிவாரத்தில் நின்றது என்பதை மறந்தால், சாண்ட் மறுக்கும் குருதிக் கோட்பாட்டை விவிலியத்தின்மேல் நாமே ஏற்றிவிடுவோம்.

எசேக்கியேல் நூலின் இறுதிப்பகுதி, நாடுகடத்தப்பட்டோர் திரும்பியபின் நிலத்தைப் பங்கிட வேண்டிய முறையை வரைகிறது. அங்கு, அவர்களிடையே தங்கிப் பிள்ளை பெற்ற 'கேர்'களும் உள்நாட்டாரைப் போலவே எண்ணப்பட்டு, எந்தக் கோத்திரத்தில் தங்குகிறார்களோ அக்கோத்திரத்தில் நிலப்பங்கு பெறவேண்டும் (47:22-23). மதம் மாறியோர்க்கு நிலத்தில் பங்கில்லை என்ற மிஷ்னாவின் விதியோடு இதனை ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். புதிய தமிழ்ப் பெயர்ப்பு முயல்வோர் ஆதியாகமம் 23:4, லேவியராகமம் 25:23, எசேக்கியேல் 47:22 ஆகிய மூவிடத்தும் 'கேர்' என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை ஆண்டால், இவ்வுறவு அடிக்குறிப்பின் துணையின்றியே வாசகர்க்கு விளங்கும்.